தூரத்து மதில்களும் பக்கத்து வார்டும்

கொங்கு நாட்டில் ஒரு வீட்டுப் பையனுக்கு மனம் பேதலித்துவிட்டால் முதலில் வாசல் கதவு சாத்தப்படும். அடுத்து மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள், ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடுவார்கள், குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வார்கள். டாக்டர் நினைவுக்கு வருவது கடைசியில்தான். அதுவும் உள்ளூர் டாக்டர் வேண்டாம், வெளியூராக இருக்கட்டும் என்பார்கள். “ஊருக்குள்ள தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணு கொடுக்க மாட்டாங்க” என்ற பயம்தான் காரணம். இப்படி நாட்கள் ஓட ஓட நோய் முற்றுகிறது.

இந்தப் பயத்துக்காக அந்தக் குடும்பத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. மனநோயாளி என்றால் ஊரைவிட்டு அப்புறப்படுத்த வேண்டியவர் என்று நெடுங்காலம் நமக்குச் சொல்லிக்கொடுத்தவை சட்டமும் மருத்துவமனையும்தான். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இன்று அது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதும் புரியும்.

கம்பெனி காலத்துக் காப்பகம்

சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794இல் தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவரான வாலன்டைன் கனாலி அதை அமைத்துக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டார். அதே பத்தாண்டில் பாரிஸில் டாக்டர் பினெலும், அவருடன் பணியாற்றிய புஸ்ஸானும் நோயாளிகளைச் சங்கிலியிலிருந்து விடுவித்து, அவர்களோடு பேசிச் சிகிச்சை தர முடியும் என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். இங்கே காலனி அரசின் கவலை வேறு. தெருவில் திரிபவர்களை ஓரிடத்தில் அடைத்து வைக்க வேண்டும் என்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது.

1858இல் காப்பகங்களுக்கான சட்டம் வந்தது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் புதிய காப்பகம் திறக்கப்பட்டபோது 145 நோயாளிகள் இருந்தார்கள். 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும். அவர் உத்தரவு போட்டால் காப்பகத்தில் சேர்ப்பார்கள். குற்றம் எதுவும் செய்யாத ஒருவர், காய்ச்சலைப் போல ஒரு நோய் வந்ததற்காகப் போலீஸ் காவலோடு போக வேண்டியிருந்தது. பார்த்த ஊர்க்காரர்கள் மனநோயையும் குற்றத்தையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதில் ஆச்சரியமில்லை. 1922இல் காப்பகம் என்ற பெயர் போய் மனநல மருத்துவமனை என்ற பெயர் வந்தது. மதில் சுவர் அப்படியேதான் நின்றது.

கோவைக்கு எந்தப் பக்கமும் தொலைவு

கோவை ஜில்லாவில் அப்படி ஓர் அரசு மருத்துவமனை எழும்பவே இல்லை. கீழ்ப்பாக்கம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கோழிக்கோட்டில், 1872இல் தொடங்கிய குதிரவட்டம் மருத்துவமனை இருந்தது. மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. வடக்கே திம்பம் மலையேறிப் போனால் மைசூர் சமஸ்தானத்தின் பெங்களூரில் இன்னொன்று. அதுதான் வளர்ந்து 1974இல் நிம்ஹான்ஸ் ஆனது. இன்றும் சத்தியமங்கலம், கோபி பக்கத்திலிருந்து பஸ் ஏறி அங்கே போகிறவர்கள் உண்டு.

காங்கயத்திலோ தாராபுரத்திலோ கிணற்றுத் தண்ணீரை நம்பி வெள்ளாமை செய்த குடும்பத்துக்கு இந்தத் தூரம் என்னவாக இருந்திருக்கும்? கட்டுத்தரையில் மாடுகளை விட்டுவிட்டு மாதாமாதம் சென்னைக்குப் போய்வர முடியாது. ஒருமுறை கொண்டுபோய்ச் சேர்த்தால் அத்தோடு சரி என்ற நிலை. மதில் சூழ்ந்த பெரிய மனநல மருத்துவமனைகளின் ஆறாத துயரம் இதுதான். நோய் தணிந்த பிறகும் அழைத்துப்போக ஆள் வராமல், பலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி முதுமை அடைந்தார்கள். அவர்களை உள்ளே நிறுத்தி வைத்தது நோய் அல்ல, உறவு அறுந்துபோனதுதான்.

மாத்திரையும் மேனன் அம்மாவும்

1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனச்சிதைவு நோய்க்குப் பயன்படத் தொடங்கியது. இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ தன்னைக் கொல்ல வருவதாக நம்புவது போன்ற துன்பங்களை மருந்தால் தணிக்க முடியும் என்று உறுதியானது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையை இத்தகைய மருந்துகள் மட்டுப்படுத்துகின்றன. மனநோய் செய்வினையால் வருவதல்ல, உடலோடு பிணைந்த நோய்தான் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை.

கீழ்ப்பாக்கத்தில் அந்த மாற்றத்தை நடத்திக் காட்டியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1961 முதல் 1978 வரை அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். நோயாளிகளுக்குக் கைத்தொழில் வேண்டும், வெளி உலகத்தோடு தொடர்பு வேண்டும், வீடு திரும்ப வழி வேண்டும் என்று பாடுபட்டார். ஓய்வுக்குப் பின் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைச் சென்னையில் நிறுவினார்.

குடும்பத்தை உள்ளே விட்டபோது

அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களில் இடநெருக்கடி. அங்கே தலைமை வகித்த டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு அவர்களின் குடும்பத்தாரையும் தங்க வைத்தார். சாப்பாடு கொடுப்பது, மாத்திரை கொடுப்பது, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது என்று எல்லாவற்றையும் உறவினர்கள் பக்கத்திலிருந்து கற்றார்கள். வீடு திரும்பியதும் பயமின்றிக் கவனித்துக்கொண்டார்கள்.

நம் பக்கம் வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனை 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் அதே வழியில் நடந்தது. நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் தங்கியாக வேண்டும். வெளிநாட்டு மருத்துவர்கள் வியந்து பார்த்த இந்த முறைக்குப் பெரிய கட்டடம் தேவைப்படவில்லை. அம்மாவோ அண்ணனோ கூட இருந்தால் போதும்.

கோயில் வாசலும் ஏர்வாடித் தீயும்

கொங்குப் பகுதியிலிருந்து மனநோயாளிகளை அழைத்துக்கொண்டு குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் 48 நாள் தங்குவது பழைய வழக்கம். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடக் கூடாது. தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆய்வாளர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சிறு வேலைகள் செய்தார்கள். நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தன. அன்பாக நடத்தப்படுவதற்கும் உறவினர் கூட இருப்பதற்கும் அவ்வளவு பலன் உண்டு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சிறு ஆய்வு அது. அதைக் காட்டி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

நம்பிக்கையைக் காசாக்கும்போது என்ன நடக்கும் என்பதை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளுக்காகத் தனியார் நடத்திய காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பின்னாளில் ஏர்வாடி தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர்கள் சிகிச்சை தரும் ஏற்பாடும் வந்தது. தொழுகையோ பூஜையோ தொடரட்டும், மாத்திரையும் தவறாமல் தொடரட்டும் என்பதே சரியான வழி.

இன்றைய சட்டம் தரும் உரிமைகள்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை இவை:

• மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது.

• மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின் அதிர்ச்சிச் சிகிச்சை தரக் கூடாது. சிறுவர்களுக்கு இச்சிகிச்சையைப் பொதுவாகத் தடை செய்திருக்கிறார்கள்.

• எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று நலமாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கலாம்.

• உடல்நோய்க்கு இருப்பதுபோல மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும்.

• காந்திபுரம், உக்கடம் பஸ் ஸ்டாண்டுகளில் ஆதரவற்றுத் திரியும் மனநோயாளியைக் கண்டால் போலீஸுக்குச் சொல்லலாம். அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போலீஸின் கடமை. லாக்கப்பில் வைக்க அனுமதி இல்லை.

• தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும். அவருக்கு அரசு சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும்.

நம்மூர் ஓ.பி.யில்

இப்போது கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் நடக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தால் போதும். டாக்டர் முதலில் கேட்பது எளிய கேள்விகள்தான். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலைக்குப் போகிறாரா? “ராத்திரி பூரா முழிச்சே கெடக்கறானுங்க, தனியாப் பேசிக்கறானுங்க” என்று அம்மா சொல்வதே நோயறிய உதவும் முக்கியமான தகவல். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கும்.

கீழ்க்கண்டவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காதீர்கள்:

• இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் துக்கம், அழுகை, எதிலும் நாட்டமின்மை

• பல நாள் தூக்கமின்மை, அளவுமீறிய உற்சாகம், கண்டபடி பணம் செலவழித்தல்

• காரணமில்லாத சந்தேகம், காதில் குரல் கேட்பது, குளிக்காமல் சாப்பிடாமல் ஒதுங்கியிருப்பது

• ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு. இப்படிப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி, அரளி விதை ஆகியவற்றைக் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும். சீக்கிரம் மருந்து தொடங்கினால் படிப்பும் வேலையும் கெடாமல் மீண்டு வர வாய்ப்பு அதிகம். மருந்தால் தூக்கக் கலக்கம், உடல் எடை கூடுவது, கை நடுக்கம் வரலாம். அப்போது டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தினால் நோய் திரும்பும்.

2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 10 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை. வீட்டில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த வாரமே அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். போகத் தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நம் தாத்தா காலத்தில் ஊரைவிட்டு அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியாமல் இருந்தது. இன்று வீட்டிலிருந்தபடியே, வேலைக்குப் போய்க்கொண்டே குணமாக முடியும். அந்த வாய்ப்பை உங்கள் பிள்ளைக்கு மறுத்துவிடாதீர்கள்.