இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ்: வசதிகளும் கருத்துகளும்

இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் என்பது இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக்காக விற்கப்படும் நடுத்தர அளவு பிக்கப் வண்டியாகும். 2016-இல் அறிமுகமான இது, சென்னைக்கு வடக்கே ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீசிட்டியில் தயாரிக்கப்படுகிறது.

மாற்றங்கள்

2021-இல் பாரத் நிலை-6 மாசு விதிகளுக்கு ஏற்ப வண்டி மாற்றியமைக்கப்பட்டது. பழைய 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் கைவிடப்பட்டு, 1.9 லிட்டர் எஞ்சின் மட்டும் பொருத்தப்பட்டது. அளவில் சிறியதானாலும் இதன் திறன் 163 குதிரைத்திறன், பழையதைவிட அதிகம். உயர்நிலை வகையில் ஆறு காற்றுப்பைகள், மின்விசையால் நகரும் ஓட்டுநர் இருக்கை, தானியங்கி கியர் ஆகியவை உள்ளன.

கருத்துகள்

முன் இருக்கைகளின் வசதி பாராட்டப்படுகிறது. பின் இருக்கையில் குலுங்கல் அதிகம் என்பது பொதுவான குறை. இதற்குக் காரணம் பின் சக்கரங்களின் மேலுள்ள லீஃப் ஸ்பிரிங். லாரிகளில் உள்ளதுபோல் இரும்புப் பட்டைகளை அடுக்கிச் செய்த இது, சுமை தாங்குவதற்கானது. சுமை ஏறினால் பட்டைகள் வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்; வண்டி காலியாக இருந்தால் விறைப்பாக நின்று பள்ளங்களின் அதிர்ச்சியை உள்ளே கடத்தும்.

கொங்கு நாட்டில் தோட்டத்துக்கும் குடும்பத்துக்கும் ஒரே வண்டி தேடுவோருக்கு இவ்வேறுபாடு முக்கியமானது. புதிய கருவிகளும் இருக்கைகளும் இக்குலுங்கலை முழுவதும் நீக்குவதில்லை. ஆகவே, காலி வண்டியின் பின் இருக்கையில் முதியவர்களை அமர்த்திப் பார்த்தே இதன் வசதியை அளவிட முடியும்.