சிங்கப்பூர் – நியூயார்க்: 15,000 கிலோமீட்டரைத் தாண்டும் ஒரே மூச்சுப் பயணம்

இடையில் எங்கும் இறங்காமல் பறக்கும் பயணிகள் விமானச் சேவைகளில் இன்று உலகிலேயே மிக நீளமானது சிங்கப்பூர் – நியூயார்க் சேவைதான். இரு நகரங்களுக்கும் இடையே நேர்த்தூரம் சுமார் 15,300 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று கணக்குப் போட்டால் 17 மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் அட்டவணையில் இருப்பதோ பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல். ஏன் இந்த வித்தியாசம்?

முதல் காரணம், பாதை. இவ்விரு நகரங்களும் பூமி உருண்டையில் ஏறக்குறைய எதிரெதிர் தீர்க்கக்கோடுகளில் இருக்கின்றன. அதனால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிச் செல்கிறது. ஆனால் விமானங்கள் எப்போதும் அந்த வழியில் போவதில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் வடகிழக்கே திரும்பி, பசிபிக் பெருங்கடலைக் கடந்தே அமெரிக்காவுக்குள் நுழைகிறது.

இந்தச் சுற்றுவழிக்குக் காரணம் காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு 100 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து உதவினால் 10,000 கிலோமீட்டரை 10 மணி நேரத்தில் கடந்துவிடும். அதே காற்று எதிரே வீசினால் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும்.

இரண்டாவது காரணம், அட்டவணை நேரம் என்பது வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிலையத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம்.

இவ்வளவு நீண்ட சேவையை நடத்துவதில் பெரிய சவால், எரிபொருள். 2004-ல் தொடங்கிய, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கான சேவை 2013-ல் நிறுத்தப்பட்டது. நான்கு இன்ஜின் ஏர்பஸ் ஏ340 விமானத்தின் எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. இரண்டே இன்ஜின் கொண்ட ஏ350 விமானம் வந்தபின், 2018-ல் சேவை மீண்டும் தொடங்கியது. இந்த விமானத்தில் இருப்பது 161 இருக்கைகள் மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. தூரம் கூடக் கூட எரிபொருளின் எடை கூடுகிறது. அந்த அளவுக்குப் பயணிகளைக் குறைத்தாக வேண்டும்.

அரசியலும் பயண நேரத்தை மாற்றும். 2022-ல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதால், ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாக நீண்டது.

டிக்கெட் எடுப்பவர்கள் கடிகாரக் கணக்கையும் கவனிக்க வேண்டும். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரப்படியே அச்சிடப்படுகின்றன. கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் 13 மணி நேரம். கோடையில் திங்கட்கிழமை இரவு பத்தரைக்கு நியூயார்க்கில் ஏறினால், சிங்கப்பூரில் இறங்கும்போது புதன்கிழமை அதிகாலை ஆகியிருக்கும். இணைப்பு விமானமோ ஹோட்டல் அறையோ முன்பதிவு செய்யும் முன், மணியோடு தேதியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.