சீசன் இல்லாத காலத்தில் சாப்பாட்டுக் கடை: இரண்டு கலண்டர் கணக்கு

டிசம்பர் மாதத்தில் மட்டக்களப்புக்குப் போகிறேன் என்று சொன்னால், "மழைக்குள் அங்கே என்ன இருக்கிறது? சாப்பாட்டுக் கடைகூடத் திறந்திருக்காதே" என்று வியாபார நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இது பாதி உண்மைதான். மீதிப் பாதியில் நமக்கு ஒரு வியாபாரப் பாடம் இருக்கிறது.

கிழக்குக் கரையின் உல்லாசப் பிரயாணச் சீசன் ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையாகும். வடகீழ் பருவமழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டுகிறது. கடல் கொந்தளிக்கிறது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் பாசிக்குடாவில் எழுந்த பெரிய ஹோட்டல்களில் ஆட்கள் குறைகின்றனர். அவர்களை மட்டும் நம்பிய கடைகளும் சோர்ந்து விடுகின்றன.

ஆனால் ஓட்டமாவடி, வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி ஆகிய ஊர்களில் சின்னச் சாப்பாட்டுக் கடைகளின் அடுப்பு எரிந்து கொண்டுதான் இருக்கும். காரணம் என்ன? வாவியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இன்னொரு கலண்டர் இருக்கிறது. பெரும்போகத்துக்கான விதைப்பு ஒக்டோபரை ஒட்டித் தொடங்குகிறது. அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் வருகிறது. உல்லாசப் பிரயாணிக்குச் சீசன் இல்லாத மாதங்கள்தாம் விவசாயிக்குச் சீசன். உழவு இயந்திரக்காரர், உர வியாபாரி, நெல் லொறிச் சாரதி, ஆலைத் தொழிலாளி எல்லோருக்கும் பகல் சோறு வேண்டுமல்லவா?

இனி, கடைக்காரரின் கணக்கைப் பார்ப்போம். விளங்குவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 6,000 ரூபா. சோற்றுப் பார்சல் 500 ரூபா. அதற்கான பொருட்செலவு 350 ரூபா. மிஞ்சுவது 150 ரூபா. அப்படியென்றால் 40 பார்சல் விற்றால்தான் நட்டமில்லை. மழைக்காலத்தில் 30 பேர்தான் வருகிறார்கள் என்று வையுங்கள். சிலர் உடனே விலையைக் கூட்டுவார்கள். இருக்கின்ற வாடிக்கையாளரும் போய்விடுவார். விஷயம் தெரிந்தவர் எட்டுக் கறியை நான்காகக் குறைப்பார். மிச்சமாகி வீசப்படுவது குறையும், அடுப்பெரியும் நேரமும் குறையும். பொருட்செலவு 300 ரூபாவுக்கு இறங்கினால் மிச்சம் 200 ரூபா. 30 பார்சலிலேயே கணக்குச் சரியாகிறது. ஆலையிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ தினமும் பத்துப் பார்சலுக்கு முற்கூட்டியே ஓர்டர் எடுத்தால் அது இலாபம்.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. அடுப்பை எவ்வளவு நேரம் எரிப்பது என்பதும் ஒரு கணக்கு என்பதை அந்த வருடம் எல்லோருக்கும் படிப்பித்தது.

கறியைக் குறைக்கலாம், அளவைக் குறைக்கக் கூடாது. பழைய மீனையோ பழைய எண்ணெயையோ மசாலாவால் மறைக்கவும் கூடாது. அளவில் குறைப்போரைக் கண்டிக்க அல்குர்ஆனில் 'அல்முதஃப்பிஃபீன்' என்று ஒரு சூராவே இருக்கிறது. பெருங்கடலில் படகு இறங்காத நாட்களில் கடல் மீன் விலை ஏறும். அப்போது வாவி இறால், நண்டு, கருவாடு, முட்டை, பருப்பு என்று கிடைப்பதைக் கொண்டு சமைக்கும் கடையே நேர்மையாகவும் இலாபமாகவும் நடக்கும்.

கடன் விஷயத்திலும் கவனம் தேவை. "வெள்ளாமை வெட்டியதும் தருகிறேன்" என்பது இப்பகுதியில் வழமையான பேச்சு. கொடுக்கலாம், ஆனால் எழுதிக் கொடுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை நாம் மறந்து விடுகிறோம்.

நோன்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2025இல் மார்ச்சில் வந்த ரமழான், வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, வரும் சில வருடங்களுக்குப் பெப்ரவரி, ஜனவரிக்குள் வரும். அதாவது போகமும் நோன்பும் நெருங்கி வருகின்றன. நமது ஊர்க் கடைகளின் வியாபாரம் அந்த மாதம் இஃப்தாருக்கும் இரவுக்கும் மாறும். ஆள், பொருள் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்ய வேண்டும்.

பிரயாணம் செய்யும் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பகலில் லுஹர் தொழுகையை ஒட்டிய நேரத்தில் போய், "இன்றைக்கு என்ன கறி?" என்று கேட்டுச் சாப்பிடுங்கள். அன்று வாங்கி அன்று சமைத்தது கிடைக்கும். கூட்டமாகப் போவதானால் காலையிலேயே சொல்லி வையுங்கள். நீங்கள் கொடுக்கும் காசு கடையோடு நிற்பதில்லை. அரிசி, மரக்கறி, எருமைத் தயிர் என்று படுவான்கரைத் தமிழ் விவசாயியின் கைக்கும் அது போகிறது. யுத்த காலத்தில் அந்தக் கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையே போக்குவரத்தே கஷ்டமாக இருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் பாதை இலகுவானது. பாதையால் வரும் நன்மையைக் கூட்டுவது கொடுக்கல் வாங்கல்தான்.

ஆகவே கடை வைத்திருப்போர் சீசன் போய்விட்டது என்று கதவைச் சாத்துமுன், யாருடைய சீசன் போனது, யாருடைய சீசன் வந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுப்பு அணையாது.