உங்களுக்குத் தெரியுமா? விடவும் செய்யும், தடுக்கவும் செய்யும் ‘லெட்’!

வீட்டில் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் எடுத்து, தொடக்கப் பக்கத்தைப் பாருங்கள். குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். இதை வைத்திருப்பவரை ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ தாராளமாகப் போகவிடுங்கள் என்பது அதன் சாரம். ‘லெட்’ என்றால் அனுமதி என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அனுமதி இல்லாமல் போகவிடச் சொல்கிறார்களா? இல்லை. இந்த இடத்தில் ‘லெட்’ என்றால் தடை. பிரிட்டன் பாஸ்போர்ட்டிலும் இதே தொடர்தான்.

ஒரே சொல்லுக்கு நேரெதிரான இரண்டு பொருள் எப்படி வந்தது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வினைச்சொற்கள். ‘லேட்டன்’ என்றால் விடுதல். ‘லெட்டன்’ என்றால் தடுத்தல். காலப்போக்கில் ஈறுகள் உதிர்ந்தன, உயிரெழுத்தின் நீளம் மாறியது. கடைசியில் இரண்டும் ‘லெட்’ என்ற ஒரே ஒலியில் வந்து நின்றன. தடுக்கும் சொல் மெல்ல வழக்கொழிய, விடும் சொல் நிலைத்தது.

நாம் தினமும் சொல்கிற ‘லேட்’டும் இந்தக் குடும்பம்தான். அதன் பழைய பொருள் ‘மெதுவான’ என்பது. ஒருவரை மெதுவாக்குவது, தாமதப்படுத்துவது என்ற பொருளிலிருந்துதான் ‘தடுத்தல்’ பிறந்தது. இன்னும் பின்னால் போனால், அந்த இரண்டு வினைகளுக்குமே ‘தளர்தல்’ என்ற ஒரே மூலக் கருத்தைக் காட்டுகிறார்கள் சொல்லாய்வாளர்கள். பிடி தளர்ந்தால் விடுவது. நடை தளர்ந்தால் தாமதம். எதிரெதிராகத் தெரிகிற இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது எனக்குத் தீராத வியப்பு.

டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையின் மேல்நாடாவை உரசிவிட்டு, சரியான கட்டத்துக்குள் விழுந்தால் நடுவர் ‘லெட்’ என்பார். சர்வீஸை மறுபடி போடவேண்டும். ‘நெட்’ என்பதுதான் ‘லெட்’ ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பந்துக்கு இடையூறு நேர்ந்தது என்பதே பொருள். பழைய ‘தடை’ இங்கே உயிரோடு இருக்கிறது. மின்னணு உணரிகள் வருவதற்கு முன், பெரிய போட்டிகளில் இதற்கென்றே ஒருவர் வலையோரம் உட்கார்ந்திருப்பார். வலை மீது விரலை வைத்தபடி, பந்து தொட்டதா என்று அதிர்வை வைத்தே சொல்வார். ஸ்குவாஷ், டேபிள் டென்னிஸ் ஆட்டங்களிலும் ‘லெட்’ உண்டு.

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டில், தந்தையின் ஆவியைப் பின்தொடர முயலும் இளவரசனை நண்பர்கள் இழுத்துப் பிடிக்கிறார்கள். என்னை ‘லெட்’ செய்பவனைக் கொல்வேன் என்கிற பொருளில் அவன் சீறுகிறான். இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர், போகவிடுபவனை ஏன் கொல்லவேண்டும் என்று திகைப்பார். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலும், ரோமர் முதல் அதிகாரம் 13-ஆம் வசனத்தில், பவுல் இதுவரை தான் ‘லெட்’ செய்யப்பட்டதாகச் சொல்கிறார். தமிழ் வேதாகமத்தைப் புரட்டினால் அந்த இடத்தில் ‘தடை’ என்றே இருக்கிறது.

இதேபோல இரண்டு பழைய வினைகள் ஒன்றான இன்னொரு சொல் ‘கிளீவ்’. பிளப்பதும் அதுதான், ஒட்டிக்கொள்வதும் அதுதான்.

தெருவுக்குத் தெரு தொங்கும் ‘டு லெட்’ பலகைக்கு வருவோம். சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்ன செழியனின் படத்துக்கும் அதுவே பெயர். 2017-க்கான சிறந்த தமிழ்ப் படமாக அது தேசிய விருது பெற்றது. பலகையில் இருப்பது விடும் ‘லெட்’. இதைத் தமிழில் எழுதுபவர்கள் ‘வீடு வாடகைக்கு விடப்படும்’ என்று எழுதுகிறார்கள். உள்ளே விடு, ஆளை விடு, வாடகைக்கு விடு என்று ‘லெட்’ போகிற இடத்துக்கெல்லாம் நம் ‘விடு’வும் போகிறது. ‘வீடு’ என்ற சொல்லே ‘விடு’ என்ற வேரிலிருந்து நீண்டதுதான். அந்தப் பலகையில் ஒரே வேர் இரண்டு முறை நிற்கிறது!

‘லீஸ்’ என்ற சொல் ‘லெட்’டுக்கு உறவு போலத் தோன்றும். அது பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்த வேறு சொல். ஆனால் அங்கேயும் அடிப்படைக் கருத்து தளர்த்துவது, விடுவதுதான்.

‘லெட்ஸ் கோ’ என்பதும் ‘லெட் அஸ் கோ’ என்பதும் ஒன்றா? சுருங்கிய வடிவம் ‘நாம் போகலாம், வாங்க’ என்று கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. விரித்துச் சொன்னால் அந்தப் பொருளும் வரலாம், வாசலில் நிற்கும் காவலரிடம் ‘எங்களைப் போகவிடுங்கள்’ என்று கேட்பதாகவும் ஆகலாம். ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பிரிவு ஆங்கிலப் பிரதிப்பெயரில் இல்லை. இரண்டுக்கும் ஒரே ‘வீ’தான். அந்த வேறுபாட்டை ஆங்கிலம் இங்கே ‘லெட் அஸ்’ஸைச் சுருக்கிக் காட்டுகிறது. தேவாலயத்தில் ‘லெட் அஸ் ப்ரே’ என்று விரித்தே சொல்கிறார்கள். அது எந்தப் பொருள் என்று தமிழில் கேட்பவருக்குக் குழப்பமே வராது: ‘ஜெபிப்போமாக.’