மோட்டாரில் கை வைக்கும் முன்

பட்டத்துக்கு வால் கட்டுவது அழகுக்காக மட்டும் அல்ல. யாழ்ப்பாணத்தார் முச்சை என்றும் சென்னைக்காரர்கள் சூத்திரம் என்றும் சொல்லும் நூல்கட்டு கொஞ்சம் பிசகியிருந்தாலும், பட்டம் குத்துக்கரணம் போடாமல் காப்பது வால்தான். வாலில்லாத காற்றாடிக்கு அந்தச் சலுகை கிடையாது. சூத்திரம் ஒரு விரற்கடை தள்ளிப்போனால் தலைகுப்புறப் பாயும். ரிமோட்டில் பறக்கும் ‘ஃப்ளையிங் விங்’ இந்த இரண்டாவது ரகம். உடல் கிடையாது, வால் கிடையாது. பின்னோக்கிச் சாய்ந்த இரண்டு ஃபோம் இறக்கைகள், நடுவில் பின்பக்கமாக ஒரு மோட்டார், மூக்கில் பேட்டரி, இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சர்வோ, அவை அசைக்கும் இரண்டு எலிவான்கள். ஏறுவது, இறங்குவது, திரும்புவது எல்லாம் அந்த இரண்டு மடல்களின் வேலை. பாகங்கள் குறைவு, செலவு குறைவு, விடுமுறை நாட்கள் இரண்டு கிடைத்தால் கட்டி முடித்துவிடலாம். அதனாலேயே பலரும் இதில் தொடங்குகிறார்கள். நாலு தடவை பறக்கவிட்டதும் ‘அப்கிரேடு’ ஆசையும் வந்துவிடுகிறது. அந்த ஆசை நேராகப் போய் நிற்பது மோட்டாரில். வரிசை அங்கேதான் தலைகீழாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். வாலில்லாத விமானத்தில் எந்தப் பாகத்தையும் தனியாக மாற்ற முடியாது. அதிலும் மோட்டார், மற்ற எல்லாவற்றையும் தன் பின்னால் இழுத்துக்கொண்டு வரும் பாகம். அதைக் கடைசியில் தொடுவதே முறை.

ஒரு சராசரி விங்கைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். முனைக்கு முனை 1 மீட்டர். இறக்கையின் அகலம் நடுவில் 30 செ.மீ., முனையில் 18 செ.மீ.; முன்விளிம்பின் சாய்வு 30 டிகிரி. இதற்குச் சராசரி அகலம் 24.5 செ.மீ. வருகிறது. காற்றின் தூக்குவிசை கூடுவதும் குறைவதும் எந்தப் புள்ளியில் தாக்குகிறதோ, அது மூக்கிலிருந்து சுமார் 19.3 செ.மீ. பின்னால் விழுகிறது. விமானம் தானாக நிலைகொள்ள வேண்டுமானால் ஈர்ப்பு மையம், அதாவது பறக்கவிடுபவர்கள் வாயில் ‘சிஜி’, அந்தப் புள்ளிக்கு முன்னால் இருந்தாக வேண்டும். சராசரி அகலத்தில் 5 முதல் 8 விழுக்காடு வரை இடைவெளி விடுவது விங்குகளுக்கு வழக்கம். ஆக, சிஜி 17.3 செ.மீ.க்கும் 18.1 செ.மீ.க்கும் இடையில் எங்காவது இருக்கலாம். சுதந்திரம் மொத்தம் 8 மி.மீ.; ஒரு பென்சிலின் தடிமன். இதற்கு முன்னால் போனால் மூக்கு கனத்து, எலிவான்களை எப்போதும் மேலே தூக்கி வைத்தே பறக்க வேண்டியிருக்கும். தூக்கிய மடல் காற்றைத் தடுக்கும், இறக்கையின் தூக்குவிசையையும் தின்னும். பின்னால் போனாலோ, கையை விட்டு வீசிய கணமே மூக்கைத் தூக்கிக்கொண்டு புரளும். நீண்ட உடலும் வாலும் உள்ள பயிற்சி விமானத்தில், வாலின் நெம்புகோல் நீளம் இத்தகைய பிழைகளை விழுங்கிவிடும். இங்கே அந்த நெம்புகோலே இல்லை.

இப்போது மோட்டார். அது இருப்பது இறக்கையின் பின்விளிம்பில், மூக்கிலிருந்து ஏறக்குறைய 32 செ.மீ. தள்ளி, சிஜியிலிருந்து பார்த்தால் 14.5 செ.மீ. பின்னால். பேட்டரியின் நடுப்பகுதி மூக்கிலிருந்து 7 செ.மீ.யில் என்று வைத்தால், அது சிஜிக்கு 10.5 செ.மீ. முன்னால். 20 கிராம் கூடுதல் எடையுள்ள மோட்டாரைப் பின்னால் மாட்டினால், தராசு சமமாக மூக்கில் 28 கிராம் வைத்தாக வேண்டும். வாங்கியது 20 கிராம், சுமப்பது 48. ‘இப்போதைய பிரஷ்லெஸ் மோட்டார்கள் இலேசானவைதானே?’ என்று கேட்கலாம். உண்மைதான். 1990களில் அமெரிக்காவில் மலைச்சரிவுக் காற்றில் பறக்கவிட வந்த ஃபோம் விங்கான ‘ஸாகி’, பின்னர் மின்சார வடிவம் எடுத்தபோது தூக்கியது ‘ஸ்பீடு 400’ என்ற பிரஷ் மோட்டாரும் நிக்கல் காட்மியம் பேட்டரியும். இன்று ட்ரோன்களுக்காகச் செய்யப்படும் 2207 அளவு மோட்டார், அந்தப் பழைய மோட்டாரின் பாதி எடையில் அதைவிடப் பல மடங்கு சக்தி தருகிறது. ஆனால் மோட்டார் எடையில் வாங்காத வட்டியை மின்சாரத்தில் வாங்கிவிடும். பொதுவாகச் செய்யும் மாற்றம், 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியிலிருந்து 4 செல்லுக்குத் தாவுவது. மோட்டாரும் ப்ரொப்பெல்லரும் அதேதான் என்றாலும் சுழற்சி மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ப்ரொப்பெல்லர் கேட்கும் சக்தி சுழற்சியின் மும்மடியில் ஏறுவதால் அது சுமார் 2.4 மடங்காகிறது, கரண்ட் 1.8 மடங்கு. 18 ஆம்பியர் இழுத்தது 32 ஆம்பியர் இழுக்கும். மோட்டார் சுமையில் சற்றுத் திணறுவதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையலாம். குறைந்தாலும், இதுவரை நிம்மதியாக இருந்த 30 ஆம்பியர் இஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சாதனம், இனி நெருப்பின் விளிம்பில்தான் ஓடும். அதை மாற்ற வேண்டும். கம்பிகளைத் தடிமனாக்க வேண்டும். பேட்டரி 50, 60 கிராம் கனக்கும். இத்தனைக்கும் கிடைப்பது என்ன? காற்றுத்தடையை வெல்லும் சக்தியும் வேகத்தின் மும்மடி என்பதால், உச்ச வேகம் கூடுவது மூன்றில் ஒரு பங்குதான். பேட்டரியில் இருக்கும் ஆற்றலும் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, செலவோ 2.4 மடங்கு. முழுத் த்ராட்டிலில் பறக்கும் நேரம் பாதியை ஒட்டிச் சுருங்கிவிடும்.

இந்தக் கணக்கைப் பெரிய அளவில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க விமான வடிவமைப்பாளர் ஜாக் நார்த்ராப்பின் எக்ஸ்பி-35 என்னும் குண்டுவீச்சு விங், 1946 ஜூனில் பறந்தது. நான்கு பிஸ்டன் எஞ்சின்கள், பின்னாலிருந்து தள்ளும் ப்ரொப்பெல்லர்கள். அவற்றின் கியர்பாக்ஸ் ஓயாமல் தொல்லை கொடுத்தது. காலமும் ஜெட் பக்கம் திரும்பியிருந்தது. எனவே அதே இறக்கையில் எட்டு ஜெட் எஞ்சின்களை வைத்து, ஒய்பி-49 என்ற பெயரில் 1947 அக்டோபரில் பறக்கவிட்டார்கள். வேகம் கூடியது. எரிபொருள் பசியும் கூடியதால் பறக்கும் தூரம் பாதியளவுக்குச் சுருங்கியது. யாரும் எளிதில் கவனிக்காத இன்னொரு விளைவும் இருந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த ப்ரொப்பெல்லர்களும் அவற்றின் தண்டு உறைகளும், அம்பின் இறகுபோல விமானம் இடவலம் ஆடாமல் பிடித்துவைத்திருந்தன. அவற்றை எடுத்ததும் அந்தப் பிடிப்பு போயிற்று. ஈடுகட்ட நான்கு சிறு செங்குத்துத் துடுப்புகளைப் புதிதாகப் பொருத்த வேண்டி வந்தது. அப்படியும் ஆட்டம் முழுமையாக அடங்கவில்லை. 1948 ஜூன் 5 அன்று இந்த ரக விமானம் ஒன்று கலிபோர்னியாவில் விழுந்து ஐவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரான கிளென் எட்வர்ட்ஸின் பெயரைத்தான் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் தாங்கி நிற்கிறது. அந்த விபத்தை ஜெட் மாற்றத்தின் தலையில் கட்டிவிட முடியாது. அது தனி வழக்கு. நமக்கு வேண்டியது துடுப்புக் கதை மட்டும். எஞ்சினை மாற்றப் போனவர்கள், கேட்காமலே வாலின் வேலையில் ஒரு பகுதியையும் மாற்றிவிட்டார்கள். ஃபோம் விங்கின் முனைகளில் நிற்கும் துடுப்புகளை வேகத்துக்காகச் சிறிதாக்கும் ஆர்வலர்களும் இதையே செய்கிறார்கள். துடுப்பே இல்லாமல் பறக்க முடியும் என்பதை நாசாவின் ப்ராண்டில்-டி என்ற ரிமோட் விங் காட்டியிருக்கிறது. ஆனால் அது இறக்கையை அடியிலிருந்து முனைவரை கணக்காக முறுக்கிச் செய்த வித்தை. சூடான கம்பியால் அறுத்த ஃபோமில் அந்தத் துல்லியத்தை எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும். மோட்டார் பலமாக இருந்தால் எடையைப் பற்றி என்ன கவலை என்பார்கள். பறக்கும், மறுப்பில்லை. பிரச்சினை அம்மி இறங்கும்போது. இறங்குவது த்ராட்டிலை மூடிய பிறகு. அந்தக் கடைசி அரை நிமிடத்தில் மோட்டாரின் பலத்துக்கு எந்த வேலையும் இல்லை, அதன் எடைக்கு மட்டுமே வேலை. நம் கணக்கு விங்கின் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். 600 கிராம் எடையில் அது மணிக்குச் சுமார் 26 கி.மீ. வேகம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே தூக்குவிசையை இழந்து ‘ஸ்டால்’ ஆகிவிடும். மாற்றங்கள் சேர்ந்து சேர்ந்து 900 கிராம் ஆகிவிட்டால் அந்த எல்லை 31 கி.மீ.யைத் தாண்டுகிறது. ஐந்து கி.மீ.தானே என்று தோன்றும். கையால் வீசி விடுபவருக்கு அதன் பொருள் வேறு: முன்பு ஒரு கையால் மெதுவாக விட்டது, இனி ஓடி வீச வேண்டும். பெரிய ப்ரொப்பெல்லரின் திருப்புவிசை, அந்த வேகமற்ற முதல் நொடியில் விங்கை ஒருபக்கமாகச் சாய்க்கவும் பார்க்கும். தரையைத் தொடும்போது விங் சுமக்கும் இயக்க ஆற்றலோ 1.5 மடங்கு எடை, 1.5 மடங்கு வேக இருமடி என்று 2.25 மடங்கு. சக்கரம் இல்லாத விமானத்தில் அத்தனையையும் வாங்கிக்கொள்வது மூக்கு. மூக்கில் இருப்பது பேட்டரி.

அப்படியானால் முதலில் எதை மாற்றுவது? இறக்கையின் விறைப்பை. இது கடையில் பளபளப்பாக விற்காத பொருள் என்பதால் யாரும் பேசுவதில்லை. நம்மூர் தெர்மாகோல் விறைப்பானது, ஆனால் அடிபட்டால் பொடிந்துவிடும். ஃபெவிக்விக் பட்டாலே கரையும். இபிபி ஃபோம் ரப்பர்போல அடியைத் தாங்கி மீளும், ஆனால் துவளும். துவளும் இறக்கை மெதுவாகப் பறக்கும்போது நல்ல பிள்ளை. வேகம் கூடினால் எலிவான் ஒரு பக்கம் திரும்ப, இறக்கை எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொண்டு கட்டளையைப் பாதி விழுங்கும். இன்னும் வேகம் கூடினால் எலிவான் படபடக்கத் தொடங்கும்; அந்தப் படபடப்பு சில நொடிகளில் சர்வோவின் பல்லை உடைக்கும், கீலைக் கிழிக்கும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைக்கு இன்னொரு குணமும் உண்டு. சட்டென்று மூக்கைத் தூக்கும்போது முனைகள் மேலே வளையும். வளைந்த முனைகளில் தூக்குவிசை குறையும். முனைகள் பின்னால் இருப்பதால் தூக்குவிசையின் மையம் முன்னே நகரும். கட்டும்போது பார்த்துப் பார்த்து வைத்த இடைவெளியை, பறக்கும்போது இறக்கையே தின்றுவிடுகிறது. ஆகவே இறக்கைக்கு முதுகெலும்பாகக் கார்பன் குழாயால் ஒரு நல்ல ஸ்பார், மேலே இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் லேமினேட்டிங் ஃபிலிம், ஆட்டமில்லாத கீல், பல் தளராத சர்வோ ஆகிய இவைதான் உண்மையான முதல் அப்கிரேடு. இவையும் எடைதான். ஆனால் பெரும்பாலும் சிஜியை ஒட்டி உட்காரும் எடை. மூக்கில் ஈடுகட்டச் சொல்லிக் கேட்காது.

அடுத்தது பேட்டரி. 18650 லித்தியம் அயான் செல்கள் மூன்றைச் சேர்த்தால் சுமார் 150 கிராமில் 3000 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்கும். 2200 கொள்ளளவுள்ள லிப்போ அதைவிடக் கனமானது. லித்தியம் அயான் ஒரேயடியாக 40 ஆம்பியர் தராது என்பது அதன் குறை. நல்ல செல்கள்கூடத் தொடர்ந்து 15 ஆம்பியருக்கு மேல் தரத் தயங்கும். எடை குறைந்த விங்குக்கு அது குறையே அல்ல. சீராகப் பறக்க 3, 4 ஆம்பியர் போதும் என்னும்போது, இந்தப் பேட்டரி முக்கால் மணியை ஒட்டிப் பறக்கவைக்கும். பெரிய மோட்டாரை மாட்டியவருக்கு இந்தக் கதவு மூடப்பட்டுவிடுகிறது.

நியாயமான ஆட்சேபம் ஒன்று, விமானத்தின் ஆட்டத்தை உணர்ந்து தானே திருத்தும் கைரோவைப் பற்றியது. கைப்பிடிக்குள் அடங்கும் ஃப்ளைட் கன்ட்ரோலரும் ஐநாவ், ஆர்டுபைலட் போன்ற மென்பொருள்களும் வந்தபின், நிலைத்தன்மையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாமே? அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானம் அப்படித்தானே பறக்கிறது? ஒய்பி-49இன் அதே 52.4 மீட்டர் அகலத்தில், வால் இல்லாமல், துடுப்பும் இல்லாமல் 1989 முதல் பறக்கிறது. உண்மை. கைரோ காற்றின் உலுக்கலை அடக்கும். அதற்காக அதைப் பொருத்துவதில் தவறில்லை. ஆனால் சிஜி பிழையை அது திருத்துவதில்லை, மறைக்கிறது. பிழையை ஈடுகட்ட எலிவான்களின் அசைவில் ஒரு பகுதியை ஓயாமல் செலவிடுகிறது. இறங்கும்போது வேகம் குறைந்து எலிவானுக்குக் காற்றின் பிடி தளரும். மீதி அசைவு அப்போதுதான் தேவைப்படும், அப்போதுதான் அது இருக்காது. கம்ப்யூட்டருக்கு வரும் தகவல் பொய்யாகவும் இருக்கலாம். 2008 பிப்ரவரியில் குவாம் தீவில், சென்சார்களில் புகுந்த ஈரம் தவறான கணக்கைக் கொடுக்க, ஒரு பி-2 ஓடுபாதையிலிருந்து எழும்போதே மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்தது.

வேகம்தான் வேண்டும், காற்றைக் கிழித்துப் போக எடையும் வேண்டும் என்பவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. பலத்த காற்றில் 600 கிராம் விங், காய்ந்த இலைபோல அலையும். மலைச்சரிவில் மோட்டாரே இல்லாமல் பறக்கவிடுபவர்கள் வேண்டுமென்றே ஈயம் சேர்ப்பதும் உண்டு. ஆனால் அந்த ஈயத்தை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள்: சரியாகச் சிஜியின் மேல். காற்று தணிந்தால் எடுத்தும் விடலாம். பின்விளிம்பில் திருகிய மோட்டாரை அப்படி எடுத்துவிட முடியாது.

இத்தனைக்குப் பிறகும் மோட்டாரை மாற்றத்தான் போகிறோம் என்றால் மாற்றலாம். இறக்கை விறைத்திருக்கிறது, எடை தெரிந்திருக்கிறது. இஎஸ்சியை மோட்டார் பக்கத்தில் வைக்காமல் முன்னே கொண்டுவந்தால் அதன் எடையும் நமக்கு உதவும். ஆனால் நீட்ட வேண்டியது மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளை. பேட்டரிக் கம்பிகளை நீட்டினால் மின்னழுத்தம் துள்ளி இஎஸ்சியின் கெப்பாசிட்டர்களைப் பதம் பார்க்கும். பிறகு உயரத்தில் த்ராட்டிலை முழுதாக மூடி, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, ஸ்டிக்கை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். விங் செங்குத்தாக நிமிர்ந்தால் மூக்கு கனம்; மேலும் மேலும் குத்திக்கொண்டு போனால் பின்பக்கம் கனம்; அவசரப்படாமல் நிதானமாக நிமிர்ந்தால் புது மோட்டார் சரியாக உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரை ஓடவிடாமலே பார்க்கும் சோதனை இது.