கோடை வீடு – 9: சத்தம் மாறுது, கேளுங்க

வடகம் காய்ந்துகொண்டிருந்த மொட்டை மாடியில் தொட்டி வழிந்ததோடு சென்ற வாரம் நிறுத்தினேன். மிதவை வால்வின் கதையைத் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள், திரும்பச் சொல்லவில்லை. சிறுவாணித் தண்ணீரையும் போர்த் தண்ணீரையும் ஒரே வீடு எப்படிப் பிரித்துப் புழங்குகிறது என்று இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் கிரைண்டர் நின்றுவிட்டது.

சித்திரைக் கடைசி. பிள்ளைகளுக்கு லீவு. தாராபுரத்திலிருந்து நங்கையா (அண்ணி) தன் பிள்ளைகளோடு வந்திருக்கிறார். ஹால் மேசையில் வைகாசிக் கல்யாணப் பத்திரிகைகள் அடுக்கியிருக்கின்றன. ஒரே முகூர்த்தத்தில் பெருந்துறையில் ஒரு கல்யாணம், பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம்; ஆளுக்கொரு பக்கம் போய்த் தலைகாட்டிவிட்டு வருவதென்று நானும் வீட்டுக்காரரும் பேசி முடித்திருந்தோம். மறுநாள் காலைக்குச் சந்தகை. வீட்டில் ஆள் நிறைந்திருந்தால் சந்தகை பிழிவது எங்கள் பக்கத்து வழக்கம். புழுங்கல் அரிசியை நைசாக ஆட்டி, இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டு அழுத்த வேண்டும். அரிசி பாதி ஆடியிருந்தபோது கிரைண்டர் உறுமியது. கல் அசையவில்லை.

வாரத் தொடக்கத்திலேயே நான் சொல்லியிருந்தேன்: "ஏனுங், கிரைண்டர் சத்தம் மாறுதுங்க." அவர் பேப்பரிலிருந்து தலை தூக்கிப் பார்த்துவிட்டு, "வோல்டேஜ் கம்மியா இருக்கும் அம்மிணி" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

வோல்டேஜ் குறைவதும் உண்மைதான். கோடையில் ஒவ்வொரு வீட்டிலும் ஏசியும் ஃபேனும் மோட்டாரும் ஒன்றாக ஓடும்போது தெருக்கோடி வீட்டுக்கு வந்து சேரும் மின்சாரம் இளைத்துவிடுகிறது. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 200 வந்தால், மோட்டார் கிளம்புவதற்கான முறுக்குவிசையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு காணாமல் போகும். வோல்டேஜ் எவ்வளவு குறைகிறதோ, விசை அதன் வர்க்கக் கணக்கில் குறைவது இந்த வகை மோட்டாரின் இயல்பு. அதோடு சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானாகச் சுற்றத் தொடங்காது. இரண்டாவது காயிலும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்துதான் அதற்கு முதல் தள்ளு கொடுக்கின்றன. கெபாசிட்டர் வெப்பத்தில் சீக்கிரம் மூப்படையும். வெயில் ஒரு பக்கம், இளைத்த வோல்டேஜ் ஒரு பக்கம், வந்திருக்கும் விருந்தாளிகளுக்காக இரட்டை வேலை இன்னொரு பக்கம். வீட்டில் எல்லாம் கோடையிலேயே கெட்டுப்போவதற்குக் காரணம் இவ்வளவுதான். இதில் ராசியும் இல்லை, கண்ணேறும் இல்லை.

ஆவாரம்பாளையம் பக்கத்துப் பட்டறைக்குக் கிரைண்டரைக் கொண்டுபோனோம். அங்கே நடந்தால் காயில் கட்டும் வார்னிஷ் வாசனை தெரு முழுக்க வரும். பழுது பார்ப்பவர் அடிமூடியைக் கழற்றினார். உப்பிப்போன கெபாசிட்டரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "காயிலுக்கு ஒண்ணும் ஆகலீங்க அக்கா, இது மட்டுந்தான். ஆனா இது போறதுக்கு முந்தியே சத்தம் மாறியிருக்கோணுமே, ஆரும் கவனிக்கலீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் கெபாசிட்டரைப் பார்த்தேன்.

அந்தக் கேள்விதான் இந்த வாரக் கட்டுரை. வீட்டில் எந்தப் பொருளும் திடீரென்று கெட்டுப்போவதில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கெடுகிறது என்று முதல் வாரத்திலிருந்தே எழுதி வருகிறேன். அது சொல்வதை யார் முதலில் கேட்கிறார், கேட்டவர் சொன்னதை வீடு எவ்வளவு மதிக்கிறது என்பதையும் இப்போது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது கிடைத்த ஒரு சங்கதி இந்த வாரம் முழுக்க என்னைச் சந்தோஷமாக வைத்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்று ஒரு இன்ஜினியர். மனைவி பெயர் மாதுரி. வீட்டில் ஒரு ஜெர்மன் மிக்ஸர் வைத்திருந்தார்கள். அது ஒரு நாள் படுத்துவிட்டது. இந்தியாவில் அதைப் பழுது பார்க்க ஆளும் இல்லை, இடமும் இல்லை. ஐரோப்பியச் சமையலறையில் பழமும் கிரீமும் அடிப்பதற்குச் செய்த சாமான், நம் மஞ்சளையும் தேங்காயையும் ஊறவைத்த பருப்பையும் எத்தனை நாள் தாங்கும்? நீங்கள் இன்ஜினியர்தானே, நம் சமையலுக்குத் தாங்குகிற மாதிரி ஒன்று செய்து கொடுங்கள் என்று மாதுரி கணவரிடம் சொன்னாராம். மாத்தூர் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டார். அதிலிருந்து வந்ததுதான் சுமீத் மிக்ஸி. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டுக் கல்யாணச் சீர்வரிசையில் மிக்ஸி ஏறி உட்கார்ந்ததற்கு அந்த ஒரு வீட்டுப் பேச்சு தொடக்கம்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது மோட்டாரின் சக்தி இல்லை. ஒரு பெண் தன் அடுக்களையில் என்ன குறை என்று சொல்கிறார். கணவர் அதைக் கேட்டுக்கொண்டு மேசைக்குப் போய்ப் படம் வரைகிறார். புதிய மிக்ஸர் வாங்கித் தந்து வாயை அடைத்திருக்கலாம். இரண்டு வருஷத்தில் அதுவும் புகைந்திருக்கும். குறை இன்னதென்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரும், அதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். அதனால் ஒரு நாட்டின் அடுக்களையே மாறிற்று. இந்தக் கதையை நங்கையாவிடம் சொன்னேன். அவர் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி சொல்லச் சொன்னார்.

ஆனால் மிக்ஸியால் இட்லி மாவுக்கு முழு நியாயம் செய்ய முடியவில்லை. பிளேடு நிமிஷத்துக்குப் பல ஆயிரம் முறை சுற்றி வெட்டுகிறது, மாவு சூடாகிறது. கல் மெதுவாக அரைக்கிறது, மாவு குளிர்ச்சியாக இருக்கிறது. உளுந்து பொங்கிவருவது கல்லில்தான். அந்தக் கல்லுக்கு மோட்டார் பூட்டும் வேலை பம்பாய்க்கு முன்பே நம் ஊரில் நடந்தது. 1955இல் கோவையில் பி. சபாபதி என்பவர் வெட் கிரைண்டரைச் செய்தார். அதற்கான மண் இங்கே பக்குவப்பட்டிருந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது. மில்களைச் சுற்றி ஃபவுண்டரிகள் முளைத்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை இங்கே செய்தார்கள். காட்டுக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் செய்யத் தெரிந்த ஊர், மாவாட்டவும் மோட்டார் செய்தது. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

முதலில் ஓரிடத்தில் நின்றே ஆட்டும் பெரிய கிரைண்டர். பிறகு சாய்த்து மாவு வழிக்கும் டில்டிங். அதற்கும் பிறகு மேடைமேல் வைக்கும் டேபிள் டாப். நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் இதை நம்பியே பிழைத்தன. 2005-06இல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புடவைக்கும் பழத்துக்கும் கிடைக்கிற அந்த அங்கீகாரம் ஒரு மாவாட்டும் இயந்திரத்துக்குக் கிடைத்ததில் எனக்கு இன்றும் பெருமை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. ரேஷன் கார்டு வைத்திருந்த வீடுகளில் ஆட்டுக்கல் திண்ணைக்கும், பிறகு கொல்லைக்கும் நகர்ந்தது.

அந்த ஆட்டுக்கல்லில் என் அம்முச்சி மாவாட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை மாவைத் தள்ளிக்கொடுக்கும். கல் வழவழத்துப்போனால் குழவி வழுக்கும் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தெருவில் கல் கொத்துபவர் குரல் கேட்டதும் அப்புச்சி எழுந்துபோய்க் கூட்டிவருவார், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார். அம்முச்சி சொன்னால் கல்லுக்குக் கொத்து வேண்டும், அவ்வளவுதான். மோட்டார் வந்தபோது கைவலி போயிற்று, நல்லதே நடந்தது. ஆனால் மெஷின் என்றால் அது ஆண்பிள்ளை சமாசாரம், அவர் சொன்னால்தான் பழுது என்று ஒரு வழக்கமும் கூடவே வந்துவிட்டது. தினமும் அதன் முன்னால் நிற்பவர் காது கேட்டதை விட, எப்போதாவது வந்து சுவிட்சைத் தட்டிப் பார்ப்பவர் வாய்க்கு மதிப்பு கூடிவிட்டது.

கிரைண்டர் நின்ற அன்று, பாதி ஆடிய அரிசியைப் பக்கத்து வீட்டுக் கிரைண்டரில் போட்டு முடித்தோம். அங்கேயே நாளன்றைக்கான இட்லி மாவையும் ஆட்டி, கரைத்து மூடி வைத்தேன். விடிவதற்குள் போசி மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு மேடையில் இறங்கிவிட்டது. மாவைப் பொங்கவைப்பது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற நுண்ணுயிரி என்று 1965இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். அது உளுந்தோடும் அரிசியோடும் வருகிறது, வெளியிலிருந்து எதையும் சேர்க்க வேண்டியதில்லை. அது விடும் வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் புரதமும் வழவழப்பும். மார்கழியில் ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளும் வேலையைச் சித்திரையில் சில மணி நேரத்தில் முடித்துவிடும். கோடையில் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஆட்டுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். படுக்கப் போகுமுன் ஒரு முறை திறந்து பார்த்து, பொங்கியிருந்தால் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அடுக்களைச் சத்தங்களைச் சொல்லி முடிக்கிறேன், எல்லா வீட்டுக்கும் உதவும். கிரைண்டர் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றால் உடனே சுவிட்சை அணையுங்கள். பெரும்பாலும் கெபாசிட்டர்தான், விட்டுவைத்தால் காயில் புகையும். மோட்டார் இரைச்சல் கேட்கிறது, டிரம் மட்டும் தயங்குகிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கும். மிக்ஸி இரைகிறது, ஜாருக்குள் பிளேடு சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்துவிட்டது. மிக்ஸி சட்டென்று மௌனமானால் சற்று நேரம் ஆறவிட்டு அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்துங்கள். ஃப்ரிட்ஜ் இடைவிடாமல் முனகினால் கதவு ரப்பரையும் பின்பக்கத் தூசியையும் பாருங்கள். குக்கர் விசில் வராமல் ஓரத்தில் சீறினால் கேஸ்கட். இவையெல்லாம் சில்லறைச் செலவு. சத்தத்தைக் கேட்காமல் விட்டால் பெரிய நோட்டு.

இயந்திரத்துக்கு மட்டும் எழுதுவதாக நினைக்காதீர்கள். "படி ஏறினா மூச்சு வாங்குதுங்க" என்று மனைவி சொல்வதும், "ராத்திரி தூக்கமே வர்றதில்ல" என்று கணவர் போகிற போக்கில் சொல்வதும் சத்தம் மாறுவதுதான். வெயில் காலம், விருந்தாளிகள், வேலை என்று ஏதோ ஒரு காரணத்தை நாமே சொல்லி அதை மூடிவிடுகிறோம். கூட வாழ்கிறவர் காதை நம்புவதில் தாம்பத்தியத்தின் பாதி இருக்கிறது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சேர்ந்து போகிறோம். ஒரு பத்து நிமிஷம் அடுக்களையில் சேர்ந்து நின்று கேட்பதற்கு என்ன தடை?

எங்கள் வீட்டில் ஏற்பாடு மாறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாவை வீட்டுக்காரர் ஆட்டுகிறார். உளுந்துக்குத் தண்ணீர் தெளிப்பதற்கும் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் அவர் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. சந்தகை அன்று அச்சின் கைப்பிடியை அவர்தான் அழுத்தினார். நான் சூட்டு இட்லியை ஒவ்வொன்றாக உள்ளே தள்ள, நங்கையா கீழே தட்டு பிடித்தார். தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஒரு பக்கம், எலுமிச்சை தாளித்தது ஒரு பக்கம். பிள்ளைகள் அச்சின் கண்ணிலிருந்து இறங்கும்போதே வாங்கித் தின்றுவிட்டார்கள்.

தண்ணீரை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, குடிப்பது நாம். அந்தக் குழாய் எங்கள் தெருவுக்கு வரும் நாளில் கணவன் மனைவி யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் ஒரு கோடையின் சண்டை சமாதானம் அத்தனையும் அடங்கியிருக்கிறது. போர்வெல் மோட்டார் காற்றை இழுக்கும்போது என்ன சத்தம் வரும் என்பதையும் அங்கே சொல்கிறேன்.

(தொடரும்)