வைரஸ் தேடும் வாசல்

ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு வாளையாரைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்த லாரி வரிசை மறந்திருக்காது. கோவையிலிருந்து கே.ஜி. சாவடி வழியாகப் போனால், எல்லைக்கு வெகு முன்பே நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் நிற்கும். கேரள வணிகவரிச் சோதனைச் சாவடியில் காகிதங்கள் சரிபார்த்து முடிய மணிக்கணக்காகும். டிரைவரும் கிளீனரும் லாரியடியில் பாய் விரித்துப் படுப்பார்கள். அங்கேயே அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பார்கள். 2017 ஜூலை 1-க்குப் பிறகு அந்தச் சாவடிக்கு வேலையில்லாமல் போனது.

அந்த வரிசையில் நின்றவர்கள் சுமந்த இன்னொரு பாரம் உண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. பின்னர் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நெடுந்தூர லாரி ஓட்டுநர்களைத் தனிப் பிரிவாகக் கருதி வேலை செய்தது. நிறுத்தங்களில் ஆலோசனை, பரிசோதனை, ஆணுறை எல்லாம் கொடுத்தது தேவையான வேலை. ஆனால் ஊர்ப்பேச்சில் அது ‘லாரிக்காரன் வியாதி’ ஆகிவிட்டது. அநியாயமான பேச்சு அது. ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்று வைரஸ் பார்ப்பதில்லை. அது தேடுவது செல்லின் மேலிருக்கும் இரண்டு புரதங்களை.

முதலாவது சிடி4. 1984-லேயே அது தெரிந்துவிட்டது. ஆனால் சிடி4 மட்டும் இருந்தால் வைரஸ் உள்ளே போக முடிவதில்லை. 1996-ல் சில மாதங்களுக்குள் பல ஆய்வுக் குழுக்கள் அடுத்தடுத்து இரண்டாவதைக் கண்டுபிடித்தன. சிசிஆர்5 என்ற அந்தப் புரதம் ஒரு சைட்டோகைன் ஏற்பி. உடம்பில் எங்காவது அழற்சி ஏற்பட்டால், கீமோகைன்கள் என்ற சைட்டோகைன் வகைப் புரதங்கள் அங்கிருந்து பரவும். சிசிஆர்5 உள்ள வெள்ளணுக்கள் அதை உணர்ந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேரும். நம்மைக் காக்க இருக்கும் அந்த ஏற்பியைத்தான் எச்.ஐ.வி. பிடித்துக்கொள்கிறது. நம் நாட்டில் அதிகம் பரவியிருக்கும் சி வகை வைரஸும் பெரும்பாலும் இதன் வழியாகவே நுழைகிறது.

சரி, எந்தச் செல்லில் சிசிஆர்5 இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? இதைக் கண்ணால் பார்க்க, குறிப்பிட்ட ஒரே இலக்கில் ஒட்டும் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒன்று வேண்டும். அதைச் செய்வதற்கான வழியைக் கோலரும் மில்ஸ்டைனும் 1975-லேயே காட்டியிருந்தார்கள். சிக்கல் சிசிஆர்5-ன் வடிவத்தில் இருந்தது. அந்தப் புரதம் செல்லின் சவ்வை ஏழுமுறை ஊடுருவி நிற்கிறது. வெளியே தெரிவது ஒரு முனையும் மூன்று சிறு வளைவுகளும்தான். சவ்விலிருந்து பிரித்தெடுத்தால் வடிவம் குலைந்துவிடும்.

அதனால் மனித சிசிஆர்5-ஐ மேற்பரப்பில் ஏராளமாகத் தாங்கும்படி மாற்றிய முழுச் செல்களையே எலிக்கு ஊசியாகப் போட்டார்கள். பிறகு அந்த எலியின் மண்ணீரலில் இருக்கும், ஆன்டிபாடி உண்டாக்கும் பி செல்களைச் சாகாமல் பெருகும் புற்றுச் செல்களோடு இணைத்து, சிறு குழிகள் கொண்ட தட்டுகளில் வளர்த்து, ஒவ்வொரு குழியாகச் சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் லூக்கோசைட் நிறுவனத்தில் அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்றுதான் 2டி7. 1997-ல் வெளியான ஆய்வு, அது இரண்டாவது வளைவில் ஒட்டுகிறது என்று காட்டியது. அங்கே அது ஒட்டிக்கொண்டால் கீமோகைன் சிசிஆர்5-ல் சேர முடியாது. வைரஸ் நுழைவதும் தடைபடும். ஏற்பியைக் காட்ட வந்த ஆன்டிபாடியே அதன் எந்தப் பகுதிக்கு என்ன வேலை என்பதையும் சொல்லிக்கொடுத்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆய்வகத்தில் ஒளிரும் சாயம் ஏற்றிய 2டி7-ஐ ரத்தத்தில் கலந்து ஃப்ளோ சைட்டோமீட்டருக்குள் விடுவார்கள். வாளையாரில் லாரிகள் நின்ற மாதிரி செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசரைக் கடக்கும். ஆனால் இங்கே நொடிக்கு ஆயிரக்கணக்கில். சிசிஆர்5 உள்ளவை ஒளிரும். ஒளிர்வது எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. ஆன்டிபாடி வேறெங்காவது சும்மா ஒட்டியிருக்கலாம். எனவே அதே வகையைச் சேர்ந்த, ஆனால் எந்த மனிதப் புரதத்தையும் குறிவைக்காத எலி ஆன்டிபாடி ஒன்றையும் பக்கத்துக் குழாயில் சேர்த்து ஒப்பிடுவார்கள். இதைச் செய்யாத முடிவுக்கு மதிப்பில்லை. மாதிரியைத் தாமதிக்காமல் சோதிப்பதும் முக்கியம். கீமோகைன் பட்டால் சிசிஆர்5 மேற்பரப்பை விட்டு உள்ளே போய்விடும், இருப்பதும் இல்லாததுபோலத் தெரியும்.

சிசிஆர்5 அறவே இல்லாத மனிதர்களும் உண்டு. அந்த மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப்போன பிரதியைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்றவர்கள் அவர்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஒருவர் அப்படி. தென்னிந்தியர்களிடம் அந்தப் பிரதி ஒன்றைப் பார்ப்பதே மிக அரிது. வைரஸுக்குப் பலமுறை ஆட்பட்டும் தொற்றாத இருவரின் ரத்தத்தை ஆராய்ந்தபோது 1996-ல் இந்த விடுபடல் வெளிவந்தது. அப்படிப்பட்ட ஒருவரின் ஸ்டெம் செல்களை 2007-ல் பெர்லினில் ரத்தப் புற்றும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்த டிமோதி ரே பிரவுனுக்குச் செலுத்தினார் மருத்துவர் கெரோ ஹியூட்டர். என்ன ஆயிற்று என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.